சவுனாவுக்குப் பூட்டு

முப்பத்தொரு வருஷம் பள்ளிச் சமையலறையில் வேலை பார்த்தாள் லெம்பி ஆஹோலா. அத்தனை வருஷத்தில் ஒரு கரண்டி தொலைந்ததில்லை, ஒரு நாள் சூப் தீய்ந்ததில்லை. வேகமாக வண்டி ஓட்டினாள் என்று ஒரு அபராதச் சீட்டுகூட அவள் பெயரில் கிடையாது. அப்படிப்பட்டவள் கஞ்சா வளர்ப்பதற்கு அரசாங்கத்தில் பதிவு செய்துகொண்டாள் என்று தெரிந்ததும், சர்ச்சில் பாதிப் பேர் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். மீதிப் பாதிப் பேர் அதற்கு ஆறு வருஷம் முன்பே நிறுத்தியவர்கள். இரண்டுக்கும் காரணம் அவள் மகன்தான்.

நான் டோரிஸ் ஸ்டிமாக். அதே பள்ளிக்குப் பேருந்து ஓட்டினேன். அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு உருளைக்கிழங்குக் கொல்லை, அவ்வளவுதான். அவள் பின்லாந்துக்காரர் வம்சம், நான் குரோவேஷியக்காரர் வம்சம். தாமிரச் சுரங்கம் ஓடிய காலத்தில் கடல் தாண்டி இங்கே பிழைக்க வந்த எங்கள் தாத்தாக்கள் ஒரே குழிக்குள் இறங்கியவர்கள். எனக்கு வாய் நீளம், அவளுக்கு வாயே கிடையாது. அதனால்தான் முப்பது வருஷம் எங்கள் சிநேகம் ஓடியது என்று நினைக்கிறேன்.

சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் அவள் வீட்டுப் பின்புறத்து சவுனாவில் புகை கிளம்பும். பின்லாந்துக்காரர் வீடு என்றால் கொல்லையில் அந்த மரக்கட்டை அறை இருந்தே தீரும். உள்ளே அடுப்பின் மேல் கற்கள் பழுத்துக் கிடக்கும். ஒரு குவளை தண்ணீர் ஊற்றினால் ஆவி எழும்பி, வாரத்து அழுக்கு முழுக்க வேர்வையாக இறங்கிப் போகும். துண்டை எடுத்துக்கொண்டு நான் கொல்லையைக் கடந்து போவேன். கேட்டுக்கொண்டு போகிற வழக்கமெல்லாம் இல்லை. சவுனாவுக்கு யாரும் பூட்டுப் போட மாட்டார்கள். பனிப்புயலில் வழி தப்பினவன் வந்தால்கூட உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்துக்கொள்ளலாம், அதுதான் முறை.

லெம்பி யாரையும் கொஞ்சி நான் பார்த்ததில்லை. சோறு போடுவாள். அவள் தட்டில் வைத்ததைத் தின்று முடித்து இன்னொரு தடவை கேட்டால், அன்றைக்கு முழுக்க அவள் முகம் இளகியிருக்கும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு அது தெரியும். அவள் புருஷன் ஆர்வோவுக்கும் தெரியும். அந்த மனுஷன் ஒரு வார்த்தை பேசாமல் முப்பத்தைந்து வருஷம் இரண்டாவது தட்டு கேட்டுக் குடும்பம் நடத்தினார்.

இரண்டாயிரத்து ஆறில் ஆர்வோவுக்கு எலும்பில் புற்றுநோய் வந்தது. வலி ஒரு பக்கம், சாப்பாடு இறங்காதது ஒரு பக்கம். மீன் சூப், கஞ்சி, பால் என்று இவள் என்னென்னவோ செய்து பார்த்தாள். ஐம்பது நாள் அவர் அவள் கையால் ஒரு வாய் சரியாக உண்ணவில்லை. தட்டை அப்படியே திருப்பி எடுத்துக்கொண்டு வருவாள், பாருங்கள், அந்த முகத்தை என்னால் பார்க்க முடியாது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

அவர்களுக்கு ஒரே மகன், கர்ட். மரம் வெட்டுகிற வேலை, முப்பத்திரண்டு வயது, அப்பனைப் போலவே ஊமை. அவன் ஒரு காபி டின்னில் ஏதோ பிஸ்கட் கொண்டுவந்து அப்பாவுக்குக் கொடுத்தான். ஒரு மணி நேரம் கழித்து, என் வீட்டுக் கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்த எனக்கு ஆர்வோ சிரிக்கிற சத்தம் கேட்டது. அந்த மனுஷனுக்குச் சிரிப்பு என்று ஒன்று உண்டு என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பிறகு கேள்விப்பட்டேன், இரண்டு கிண்ணம் மீன் சூப் குடித்தாராம்.

மூன்றாம் நாள் லெம்பி டேலுக்குப் போன் செய்தாள்.

டேல் யூந்துனென் ஷெரிப் ஆபீசில் வேலை செய்கிறவன். ஆர்வோவின் அத்தை மகன். எங்கள் பக்கத்தில் போலீசைக் கூப்பிடுவது என்று ஒன்று கிடையாது, டேலைக் கூப்பிடுவதுதான் உண்டு. மான் மேல் வண்டி மோதினாலும் டேல், புருஷன் குடித்துவிட்டுப் பாத்திரத்தை உடைத்தாலும் டேல். வருவான், மேசையில் உட்காருவான், காபி குடிப்பான், தப்புச் செய்தவனை நாலு வார்த்தை திட்டுவான், தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விடுவான். ஒரு காகிதம் எழுத மாட்டான். லெம்பி கூப்பிட்டதும் அதற்குத்தான்.

இருபதே நிமிஷத்தில் வந்தான். அன்றைக்கென்று அவன் வண்டியில் தெற்கேயிருந்து வந்த மாநிலப் போலீஸ்காரன் ஒருவன் கூட உட்கார்ந்திருந்தான். அவனுக்கு ஆர்வோவும் தெரியாது, அத்தையும் தெரியாது. மேசைமேல் டின் இருந்தது. எங்கிருந்து வந்தது என்று கேட்டான். கர்ட் பொய் சொல்லத் தெரியாத முட்டாள், தன் வேட்டைக் குடிசைக்குப் பின்னால் பதினாலு கஞ்சாச் செடி இருக்கிறது என்று சொல்லிவிட்டான். அவ்வளவுதான், விலங்கு. டேல் முகம் சுண்ணாம்பாகிவிட்டது என்று லெம்பி பின்னால் சொன்னாள். அவன் வாயைத் திறக்கவில்லை என்பதையும் சொன்னாள்.

கர்ட்டுக்கு இரண்டு வருஷம் போட்டார்கள். அவனைக் கொண்டுபோன அன்றிலிருந்து ஆர்வோ ஒரு வாய் சரியாகச் சாப்பிடவில்லை. நாற்பத்தோராம் நாள் போய்ச் சேர்ந்தார். கடைசி வாரம் அவர் கத்தினது கொல்லை தாண்டி எனக்குக் கேட்டது. சாவுக்குக் கையில் விலங்கோடு வரலாம் என்று கர்ட்டிடம் சொன்னார்களாம். வேண்டாம் என்றுவிட்டான். போன் செய்தது யார் என்று வழக்குக் காகிதத்தில் எழுதியிருந்தது. அன்றிலிருந்து அவன் அவளை அம்மா என்று கூப்பிட்டதில்லை. லெம்பி என்று பெயர் சொல்லித்தான்.

வெளியே வந்ததும் டவுனில் மூடிக்கிடந்த இரும்புக்கடைக்கு மேலே ஒரு அறை பிடித்துக்கொண்டான். அங்கிருந்து அவள் வீடு ஒன்பது மைல். ஒரு தடவைகூட வரவில்லை.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டு ஜூன் தொடக்கத்தில் அவனைத் தெருவில் பார்த்தேன். ஓரமாகப் பேருந்தை நிறுத்திவிட்டேன். கோட்டு மாட்டியில் தொங்குகிற சட்டை மாதிரி இருந்தான். கணையத்தில் புற்றுநோய் என்றான், மழை வரும் போலிருக்கிறது என்று சொல்கிற தொனியில்.

மறுநாள் பள்ளிச் சமையலறையில் லெம்பியிடம் சொன்னேன். கேரட் சீவிக்கொண்டிருந்தாள். கத்தி நிற்கவில்லை.

"சாப்பிடறானா?" என்று கேட்டாள்.

"இல்லடி. எதுவும் உள்ள நிக்கலையாம்."

வாளியில் இருந்த கேரட் அத்தனையையும் சீவி முடித்துவிட்டுத்தான் கையைக் கழுவினாள்.

நாலாம் நாள் என் சமையலறை மேசைமேல் ஒரு படிவத்தை வைத்தாள். நூலகத்தில் அச்செடுத்திருக்கிறாள். நாலு வருஷம் முன்பே எங்கள் மாநிலத்தில் ஓட்டுப் போட்டு நோயாளிக்குக் கஞ்சாவை அனுமதித்துவிட்டார்கள். நோயாளிக்கு அடையாள அட்டை. அவனால் வளர்க்க முடியாவிட்டால் அவனுக்காக வளர்த்துக் கொடுக்க ஒருத்தரைக் காட்டலாம். அவர்தான் பதிவுபெற்ற பராமரிப்பாளர். பன்னிரண்டு செடி, பூட்டிய அறை, சாவி அவரிடம் மட்டும். போதை வழக்கில் தண்டனை வாங்கினவர் அந்தப் பதவிக்கு வர முடியாது.

"நம்ம மாவட்டத்துலயே உன்னை மாதிரி கறையில்லாத ஆள் கிடைக்காது. அரசாங்கம் உன்னைப் பார்த்து வாயைப் பிளந்துடும்" என்றேன்.

"கேலி பண்ணாதே, டோரிஸ்."

"கேலி இல்லடி. எனக்கு வயித்தெரிச்சல். நீ வளர்க்கப்போறியா? நீ? பீரைப் பார்த்தாலே ஜபம் பண்றவ."

"அந்த ஓட்டுல நான் ஆமான்னுதான் போட்டேன்" என்றாள். "யார்கிட்டயும் சொல்லல."

படிவத்தை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

படிவத்தில் அவள் பகுதியை நிரப்பியிருந்தாள். பள்ளிச் சமையல் பட்டியல் எழுதுகிற அதே அச்சு மாதிரி எழுத்து. நோயாளி கையெழுத்து என்ற இடம் மட்டும் காலி. நோயாளிதான் பராமரிப்பாளரைத் தேர்ந்தெடுக்க வேண்டும், நோயாளிதான் கையெழுத்துப் போட வேண்டும். அவனுக்கு வேறு வழியும் அதிகம் இல்லை. பக்கத்தில் இருந்த பதிவுபெற்ற ஆள் இரண்டு மணி நேரத் தூரத்தில் இருந்தான். ஒருத்தருக்கு ஐந்து நோயாளிதான் அனுமதி, அவனுக்கு ஐந்தும் நிறைந்திருந்தது. கர்ட் தானே வளர்க்கலாம், சட்டம் தடுக்கவில்லை. ஆனால் வாடகை அறையில் விளக்கும் மண்ணும் வைக்க வீட்டுக்காரன் விடமாட்டான், அப்படியே விட்டாலும் ஒரு வாளி தண்ணீர் தூக்க அவனால் முடியாது.

நான்தான் தூது போனேன். படி ஏறும்போதே எனக்கு முட்டி வலி, கோபம் வேறு.

கர்ட் படிவத்தைப் பார்த்தான். பெயரைப் படித்தான். மடித்து என்னிடமே கொடுத்தான்.

"யாரை வேணும்னாலும் போடுங்க. நாயைப் போடுங்க. அவளை வேண்டாம்."

"நாய்க்கு டிரைவிங் லைசென்ஸ் இல்லப்பா. லைசென்ஸ் நகல் கேக்கறாங்க."

அவன் சிரிக்கவில்லை. இரண்டாம் தடவை போனேன், கதவே திறக்கவில்லை. மூன்றாம் தடவை போனபோது தரையில் சுருண்டு கிடந்தான், பக்கத்தில் வாந்தி வாளி. துடைத்துவிட்டு உட்கார்ந்தேன். வாய் நீளம் என்றேன் இல்லையா, அன்றைக்கு அதை முழுசாக அவிழ்த்துவிட்டேன்.

"உங்கப்பா செத்த மாதிரி சாகணும்னா சாவு. யாரும் தடுக்கல. ஆனா அவ வீட்டுல அந்தத் தட்டு இன்னமும் திரும்பி வந்துக்கிட்டேதான் இருக்கு, அதை நான் தினமும் பாக்கறேன். உன்னையும் சேர்த்துப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல."

சுவரைப் பிடித்து எழுந்து உட்கார்ந்தான். பிறகு சொன்னான்:

"அவ வரட்டும். எதுக்குப் போன் பண்ணான்னு அவ வாயால சொல்லட்டும். எனக்கு நல்லதுக்குன்னு பண்ணேன், கடவுளுக்குப் பயந்து பண்ணேன்னு கதை விட்டா கையெழுத்து இல்ல."

அதை அப்படியே லெம்பியிடம் சொன்னேன். ஒரு வாரம் அவள் எனக்கு முகம் கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிற கோட்டைப் போட்டுக்கொண்டு என் வாசலில் வந்து நின்றாள். கையில் துணி சுற்றிய பாஸ்டி. மாவுக்குள் இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்துச் சுட்டது. அவன் தின்னமாட்டான் என்று தெரிந்தும் செய்திருக்கிறாள்.

அவன் அறை வாசலைத் தாண்டி அவள் உள்ளே போகவில்லை. நான் அவளுக்குப் பின்னால் படியில் நின்றேன். கர்ட் கட்டிலில் சுவரில் சாய்ந்திருந்தான்.

"நான்தான் போன் பண்ணேன்" என்றாள்.

"அது தெரியும். எதுக்கு?"

"டேல் வந்து உன்னைத் திட்டுவான்னு நினைச்சேன்."

"அது என்ன ஆகும்னு நினைச்சேங்கறது. எதுக்குன்னு கேட்டேன்."

பாஸ்டியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள். அவள் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

"அம்பது நாளு" என்றாள். "அம்பது நாளு என் கையால ஒரு வாய் சாப்பிடல உங்கப்பா. நீ ஒரு டின்னோட வந்த. சாப்பிட்டாரு. சிரிச்சாரு. என்கிட்ட அந்த மனுஷன் ஒருநாள்கூடச் சிரிச்சதில்ல. எனக்குப் பொறுக்கல." நிறுத்தினாள். "கடவுள் எல்லாம் இல்ல. பொறாமை. அதான்."

ஆறு வருஷமாக நான் அதைச் சட்டம், பக்தி, பயம் என்று அவளுக்காக ஊரெல்லாம் வாதாடிக்கொண்டிருந்தேன்.

கர்ட் கையை நீட்டினான். படிவத்தைத்தான் கேட்கிறான் என்று புரிய அவளுக்குக் கொஞ்சம் நேரம் ஆயிற்று. பேனா எழுதவில்லை, உதறினான், பிறகு எழுதியது. திருப்பிக் கொடுக்கும்போது சொன்னான்: "இது மன்னிப்பு இல்ல, லெம்பி. எனக்குப் பசிக்குது, அவ்வளவுதான்."

"சரி" என்றாள்.

உள்ளூர் டாக்டர் சான்று எழுத மாட்டேன் என்றுவிட்டார். தெற்கேயிருந்து ஒரு டாக்டர் மாதம் ஒருநாள் நெடுஞ்சாலை விடுதியில் அறை எடுத்து உட்காருவார், அங்கே கர்ட்டைக் கொண்டுபோனேன். வரிசையில் சக்கர நாற்காலிகள், ஊன்றுகோல்கள், நடுவில் சர்ச் கோட்டோடு லெம்பி. ஆகஸ்டு கடைசியில் இரண்டு அட்டையும் தபாலில் வந்தன. அவள் தன் அட்டையைச் சமையல் குறிப்புப் பெட்டியில் போட்டு வைத்தாள்.

அவள் வீட்டில் வெதுவெதுப்பு நிற்கிற அறை, காற்றுப்போக்கி, தரையில் தண்ணீர் வடியக் குழாய், எல்லாம் சேர்ந்து இருந்தது சவுனாவில்தான். பலகை ஆசனங்களைக் கழற்றினாள். விளக்கு மாட்டினாள். கதவில் இரும்புப் பட்டை அடித்து உள்ளங்கை அகலத்தில் ஒரு பூட்டுப் போட்டாள். ஆணி அடிக்கும்போது நான் கொல்லையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என் சனிக்கிழமைக் குளியல் அதோடு போயிற்று.

"எனக்குமா பூட்டு?" என்றேன்.

"சாவி என்கிட்ட மட்டும்தான் இருக்கணும்னு போட்டிருக்கு."

"செடியைப் பார்த்து நான் என்னத்தை பண்ணப்போறேன், கல்யாணமா?"

"போட்டிருக்கு, டோரிஸ்."

கழுத்துச் சங்கிலியில் சிலுவைக்குப் பக்கத்தில் சாவியை மாட்டிக்கொண்டாள். உள்ளே போகும்போது தலைமுடிக்கு வலை, வெள்ளை ஏப்ரன். வாசலில் அட்டை தொங்கவிட்டு வேளைக்கு வேளை வெப்பத்தைக் குறித்தாள், சுகாதார அதிகாரி நாளைக்கே வந்துவிடுவார் என்பதுபோல. செடி வளர்ப்பைப் பற்றி அவளுக்கு ஒரு எழுத்தும் தெரியாது. தெரிந்தவன் கர்ட் ஒருத்தன்தான். அவனை உள்ளே விட அவளுக்குப் பயம். படிவத்தில் சாவி யாருக்கு என்று போட்டிருக்கிறதே. அதனால் ஒரு வழி கண்டுபிடித்தாள். தினமும் ஒரு இலையைக் கிள்ளி, சிறிய பீங்கான் தட்டில் ஈரத் துணிமேல் வைத்து, ஒன்பது மைல் வண்டி ஓட்டிப் போய் அவன் முன்னால் நீட்டுவாள்.

"தண்ணி அதிகம்" என்பான். அல்லது, "விளக்கு கிட்டக்க இருக்கு. ஏத்து." அல்லது, "பொடுசு பூச்சி வந்திருக்கு. சோப்புத் தண்ணி. நீ சூப்புக்கு உப்புப் போடற மாதிரி அள்ளிக் கொட்டாதே."

"என் சூப்புல உப்பு சரியாத்தான் இருக்கும்."

"இருக்கும், இருக்கும். சாப்பிட்டு ஆறு வருஷம் ஆச்சே, மறந்துபோச்சு."

அதெல்லாம் பேச்சு என்று நினைத்துக்கொண்டாள் பாவம். திரும்பி வந்து எனக்கு ஒரு வார்த்தை விடாமல் ஒப்பிப்பாள்.

சர்ச்சில் பெண்கள் காபிக் கூட்டத்துக்கு அவள் கொண்டுபோன ரொட்டியை யாரும் தொடவில்லை. அதில் என்ன கலந்திருக்கிறதோ என்று ஒருத்திக்கு ஒருத்தி கண் காட்டிக்கொண்டார்கள். ரொட்டி முழுசாக வீட்டுக்குத் திரும்பியது. அடுத்த வாரமும் கொண்டுபோனாள். அதுவும் திரும்பியது. மூன்றாம் வாரம் நானே கூடப்போய் எல்லார் எதிரிலும் அரை ரொட்டியைத் தின்றேன். இவள் கத்தோலிக்கக்காரி, வேறு சர்ச், எதையும் தின்பாள் என்று நினைத்திருப்பார்கள்.

நவம்பரில் முதல் பனி விழுந்ததும் கர்ட்டால் படி இறங்க முடியவில்லை. அவனைத் தூக்கிக்கொண்டு வந்து ஆர்வோவின் அறையில், அதே கட்டிலில் போட்டோம். வேறு கட்டில் இல்லை.

டிசம்பரில் முதல் தடவை அறுத்தாள். உலர்த்தி, வெண்ணெயில் நாலு மணி நேரம் சிறு தீயில் வைத்து வடித்து, அந்த வெண்ணெயில் நீசு சுட்டாள். ஏலக்காய் தட்டிப்போட்டுப் பின்னலாகப் பின்னிச் சுடுகிற ரொட்டி அது. அவர்கள் வீடுகளில் காபியோடு தினமும் இருக்கும். ஒரு துண்டை அளந்து வெட்டினாள். அவன் பாதிதான் தின்றான். ஒரு மணி நேரம் ஆயிற்று. மீன் சூப் கொண்டுபோனாள். அவன் கரண்டியை எடுத்ததும் அவளால் பார்க்க முடியாமல் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். கரண்டி கிண்ணத்தில் படுகிற சத்தம் நிற்காமல் வந்தது. பிறகு நின்றது.

"இன்னும் இருக்கா?" என்றான் கர்ட்.

அவள் சமையலறைக்கு வந்து அடுப்பு விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் கிண்ணத்தை வாங்கி ஊற்றிக் கொடுத்தேன். அன்றைக்கு அவள் அழுதாள். எனக்கும் வந்தது, அதிலென்ன.

ஏழு வாரம் சாப்பிட்டான். உருளைக்கிழங்கு, சூப், கிறிஸ்துமஸுக்கு இரண்டு துண்டு ஹாம். தூங்கினான். ஏழு வாரம் அவளுக்குக் கிடைத்தது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அவள் வேறு ஒன்றுக்காகக் காது கொடுத்துக்கொண்டே இருந்தாள், எனக்குத் தெரியும். அவன் அறையில் சின்னச் சத்தம் கேட்டாலும் பாத்திரம் கழுவுகிற கை நிற்கும். அவன் சிரிக்கவே இல்லை. கேலி பேசினான், என்னோடு சீட்டாடினான், ஏமாற்றிக்கூட ஆடினான். சிரிப்பு மட்டும் இல்லை. அம்மா என்ற வார்த்தையும் இல்லை.

பிப்ரவரியில் நோய் ஜெயித்தது. விழுங்க முடியவில்லை. ரொட்டியும் இல்லை, சூப்பும் இல்லை. நர்ஸ் வந்து நாக்குக்கு அடியில் மருந்து விட்டாள். அதுவும் பாதி நேரம்தான் கேட்டது. ஐந்து நாள் அந்த வீட்டில் மறுபடி அதே சத்தம். சவுனாவில் இரண்டாவது ஈடு பன்னிரண்டு செடியும் பூத்து நின்றன, இரண்டு வாரத்தில் அறுப்பு. அந்த ஐந்து நாளும் அவள் நேரம் தவறாமல் போய்த் தண்ணீர் விட்டு, வெப்பத்தைக் குறித்துவிட்டு வந்தாள்.

வியாழக்கிழமை காலையில் அவன் கண்ணைத் திறந்தான். அவள் குனிந்தாள்.

"லெம்பி, தண்ணி" என்றான்.

பஞ்சில் நனைத்து உதட்டில் வைத்தாள். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. நர்ஸ் கடிகாரம் பார்த்து எழுதினாள், எட்டு இருபது. சாவு வண்டி பனியைத் தாண்டி வர இரண்டு மணி நேரம் ஆகும் என்றாள்.

லெம்பி அவன் முகத்தைத் துடைத்தாள். போர்வையை நேராக்கினாள். சமையலறைச் சுவரில் இருந்த போனை எடுத்தாள். பாதிரியாரைக் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன்.

"டேல், நான் லெம்பி பேசறேன். என் சவுனாவுல பன்னெண்டு கஞ்சாச் செடி இருக்கு. வந்து பாரு."

நான் ஓடிப்போய்ப் போனைப் பிடுங்குவதற்குள் வைத்துவிட்டாள்.

"புத்தி கெட்டுப்போச்சா உனக்கு? பையன் இன்னும் சூடு ஆறல. அதை அடுப்புல போட்டா முடிஞ்சது, யாருக்குத் தெரியப்போகுது?"

"அவன் இருந்தவரைக்கும்தான் அட்டை. எட்டு இருபதுலேருந்து அது என் கஞ்சா, டோரிஸ்."

"அதனால?"

"அவன் பதினாலு வச்சிருந்தான். ரெண்டு வருஷம் போட்டாங்க. என்கிட்ட பன்னெண்டு இருக்கு."

அவளைக் குலுக்க வேண்டும் போல இருந்தது. நர்ஸ் கோட்டை மாட்டிக்கொண்டு காதில் விழாதவள் மாதிரி வெளியே போய்விட்டாள்.

இருபது நிமிஷத்தில் டேல் வந்துவிட்டான். வாசலில் காலை உதறிப் பனியைத் தட்டிவிட்டு, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, நேரே கர்ட் கிடந்த அறைக்குப் போனான். கொஞ்ச நேரம் நின்றான். திரும்பி வரும்போது மூக்கு சிவந்திருந்தது. லெம்பி கழுத்துச் சங்கிலியைக் கழற்றிச் சாவியை மேசைமேல் வைத்தாள்.

"பன்னெண்டு இருக்கு. எண்ணிக்கோ. எழுது."

"எழுத ஒண்ணும் இல்ல, லெம்பி." குரல் அடங்கியிருந்தது. "வண்டியில என்கூட யாரும் இல்ல. நான் ஒண்ணும் பாக்கல. நானும் டோரிஸும் சேர்ந்து அடுப்புல போட்டுடறோம். நீங்க உக்காருங்க."

அவன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். மேசையில் ஆள் உட்கார்ந்தால் அவள் கை தானாக வேலை செய்யும். காபி ஊற்றி அவன் முன்னால் வைத்தாள். நீசு எடுத்தாள், சாதா வெண்ணெயில் சுட்டது. ஒரு துண்டு வெட்டினாள். இரண்டாவது துண்டுக்குக் கத்தி பாதி இறங்கியபோது கை நின்றது. காபியைப் பார்த்தாள், தொப்பியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"இதுக்குத்தாண்டா அன்னிக்குக் கூப்பிட்டேன்" என்றாள். "இப்படி வருவே, இதே நாற்காலியில உக்காருவே, ஒரு காபி குடிப்பே, அவனை ரெண்டு வார்த்தை திட்டிட்டுப் போயிடுவேன்னு."

"லெம்பி..."

"அன்னிக்கு ரெண்டு பேரா வந்தியே. இன்னிக்கு எதுக்குத் தனியா வந்த?"

டேல் தலையைக் குனிந்துகொண்டான். அவன் தோள் குலுங்கியது. அவள் சாவியை விரலால் தள்ளி அவன் கோப்பைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தாள்.

"எழுது" என்றாள்.